சிடுசிடுப்புக்கு ஊருக்கொரு பெயர்

பாடநூல் ஆங்கிலம் கற்றுத் தராத சில சொற்களும், அவற்றைப் பேசும் மனிதர்களும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நாட்டிங்காம் நகரத்து மருத்துவமனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். காலை ஏழு மணி. தமிழகத்திலிருந்து அண்மையில் பணிக்குச் சென்ற செவிலியர் ஒருவர், எண்பது வயது மூதாட்டி ஒருவரின் கட்டிலருகே நின்று நலம் விசாரிக்கிறார். மூதாட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, 'இன்றைக்கு நான் கொஞ்சம் மார்டி, டக்' என்கிறார்.

செவிலியர் திகைத்து நிற்கிறார். ஆங்கிலத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத்தான் அவர் விமானம் ஏறினார். 'டக்' என்றால் வாத்து என்பது மூன்றாம் வகுப்பிலேயே படித்தது. தம்மை ஏன் வாத்து என்று அழைக்க வேண்டும்? 'மார்டி' என்பது வலியா, மயக்கமா, மருந்தினால் வந்த பக்க விளைவா? நோயாளியின் குறிப்பேட்டில் எதை எழுதுவது?

விடை எளியது. அந்த வட்டாரத்தில் 'டக்' என்பது, நாம் 'கண்ணு' என்று அழைப்பதைப் போன்ற அன்பு விளி. 'மார்டி' என்பது சிடுசிடுப்பு. 'ஒன்றும் கேட்காதே கண்ணு, இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை' என்பதே மூதாட்டி சொன்னதன் பொருள். குறிப்பேட்டில் எழுத நோய் எதுவும் இல்லை. ஒரு கோப்பைத் தேநீரும், பக்கத்தில் இரண்டு நிமிடம் அமர்வதும் போதும்.

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே ஆங்கிலம் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வங்கிப் படிவத்துக்கும் விமான நிலைய அறிவிப்புக்கும் அந்த எண்ணம் பொருந்தும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பொருந்தாது. தாய் குழந்தையிடமும், மனைவி கணவரிடமும், அண்டை வீட்டார் ஒருவருக்கொருவரும் பேசும் ஆங்கிலம் ஊருக்கு ஊர் மாறுகின்றது. அப்படி மாறும் சொற்களிலும் மிகச் செழிப்பானவை, மனம் சரியில்லாத நிலையைக் குறிக்கும் சொற்களே. எரிச்சல் என்பது பெரும்பாலும் வீட்டுச் சரக்கு. அதற்கான சொல்லும் வீட்டுச் சொல்லாகவே இருக்கின்றது.

மார்டி: கெட்டுப்போன செல்லம்

'மார்டி' என்ற சொல் நாட்டிங்காம்ஷயர், டார்பிஷயர், லெஸ்டர்ஷயர், தெற்கு யார்க்ஷயர் ஆகிய பகுதிகளில் இன்றும் உயிரோடு உலவுகின்றது. 'மார்' என்னும் ஆங்கில வினைச்சொல்லுக்குக் கெடுத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த 'மார்ட்' என்பது, அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட குழந்தையைச் சுட்டியது. கேட்டது கிடைக்காவிட்டால் சிணுங்கும் குழந்தையின் இயல்பு காலப்போக்கில் பெரியவர்களுக்கும் ஏற்றிச் சொல்லப்பட்டது. எனவே ஒருவரை மார்டி என்னும்போது, 'கோபக்காரர்' என்பதைக் காட்டிலும் 'சிணுங்கிக்கொண்டிருக்கிறார்' என்ற கேலியே மேலோங்கி நிற்கும்.

நாட்டிங்காம்ஷயரின் ஈஸ்ட்வுட் என்னும் சுரங்க ஊரில் 1885ஆம் ஆண்டு பிறந்தவர் எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனான அவர், தம் ஊர்ப் பேச்சை நாவல்களிலும் நாடகங்களிலும் தயங்காமல் பயன்படுத்தினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 2006இல், ஷெஃபீல்டு நகரின் 'ஆர்க்டிக் மங்கீஸ்' இசைக்குழு தன் முதல் இசைத்தொகுப்பில் ஒரு பாடலுக்கு 'மார்டி பம்' என்று பெயர் வைத்தது. ஊடல்கொண்டு முகம் திருப்பிய காதலியைப் பற்றிய பாடல் அது. அந்தச் சொல்லை அதுவரை கேட்டிராத ஊர்களின் இளைஞர்களும் அந்தப் பாடல்வழியே அதை அறிந்துகொண்டார்கள்.

தலைமேல் ஏறிய துறவி

சற்று வடக்கே யார்க்ஷயரில், உர்ரென்று அமர்ந்திருப்பவரைப் பார்த்து, 'அவர் மேலே மங்க் ஏறியிருக்கிறது' என்ற பொருள்பட ஒரு தொடர் சொல்வார்கள். பொது ஆங்கிலத்தில் 'மங்க்' என்றால் துறவி. மேற்கே லிவர்பூல் பக்கம் போனால், அதே மனிதர் 'காப்' ஒன்றை மேலே வைத்திருப்பதாகச் சொல்வார்கள். பொது ஆங்கிலத்தில் 'காப்' என்பது சோளக் கதிரையும், உருண்டை ரொட்டியையும், ஆண் அன்னத்தையும் குறிக்கும். வெளியூர்க்காரர் என்னதான் செய்வார்! தம் நண்பரின் தலைமேல் துறவியையோ சோளக் கதிரையோ தேட வேண்டியதுதான்.

லண்டன்வாசிகள் 'ஹம்ப்' வந்துவிட்டது என்பார்கள். ஒட்டகத்தின் திமிலுக்கும் அதுவே பெயர். இந்த இரட்டைப் பொருளை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதையே எழுதியவர், மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங். 1902இல் வெளிவந்த அவருடைய சிறுவர் கதைத் தொகுதியில், வேலை செய்ய மறுத்து 'ஹம்ஃப்' என்று முனகிக்கொண்டே இருந்த ஒட்டகத்துக்கு முதுகில் திமில் முளைத்துவிடுகின்றது. கதையின் இறுதியில் வரும் பாடல், செய்வதற்கு வேலை இல்லாமல் சோம்பிக் கிடக்கும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதே திமில் முளைக்கும் என்று எச்சரிக்கின்றது. தோட்டத்தில் வியர்க்க வியர்க்க மண் கொத்துவதே அதற்கான மருந்து என்றும் சொல்கின்றது.

இத்தொடர்களில் ஒரு பொது அமைப்பைக் காணலாம். துறவியாகட்டும், சோளக் கதிராகட்டும், திமிலாகட்டும், எல்லாம் மனிதர் மேல் ஏற்றப்பட்ட சுமைகள். 'ஒரு முகத்தை மாட்டிக்கொண்டிருக்கிறாள்' என்றும் வட இங்கிலாந்தில் சொல்வதுண்டு. தொப்பியையோ மேலங்கியையோ அணிவதற்கு வரும் அதே வினையை இங்கும் பயன்படுத்துகிறார்கள். நாமும் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்' என்றுதானே சொல்கிறோம்? தூக்கி வைத்ததை இறக்கியும் வைக்கலாம். மாட்டியதைக் கழற்றலாம். 'நீ கெட்டவன்' என்று சொன்னால் அது அந்த மனிதரின் குணத்தின் மேல் விழும் தீர்ப்பு. 'உன் மேல் ஏதோ ஏறியிருக்கிறது' என்றால், மனிதர் வேறு, அவருடைய இன்றைய எரிச்சல் வேறு என்று பிரித்துவிடுகிறோம். மாலைக்குள் அது இறங்கிவிடும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றது.

முறுக்கிக்கொண்ட சொற்கள்

எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் சென்றால் வேறொரு படிமம் காத்திருக்கின்றது. அங்கே சிடுசிடுப்பானவர் 'கிராபிட்'. நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இது. நேராக நடக்கத் தெரியாமல் பக்கவாட்டில் நகரும் நண்டின் போக்கும், தொட்டால் கவ்வும் அதன் இயல்பும் சொல்லுக்குள் இறங்கியிருக்கின்றன. இன்று எடின்பரோவின் நினைவுப்பொருள் கடைகளில் இந்தச் சொல் பொறித்த தேநீர்க் கோப்பைகள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருக்கும். தம்மைப் பார்த்துத் தாமே சிரித்துக்கொள்ளத் தெரிந்த மக்கள்!

ஸ்காட்லாந்தின் மற்றொரு சொல் 'த்ரான்'. முறுக்குதல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காமல், வேண்டுமென்றே மறுபக்கம் இழுப்பவரே த்ரான். 'தீவு', 'புதையல்' என்றதும் நம் நினைவுக்கு வரும் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1881இல் எழுதிய ஒரு பேய்க்கதையின் தலைப்பில் இந்தச் சொல்லை வைத்தார். கதையில் வரும் முதியவளின் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கும். வட அயர்லாந்திலும் இந்தச் சொல் சிறிது உருமாறி வழங்குகின்றது. பிணங்கி ஒதுங்கிக்கொள்வதற்கு ஸ்காட்லாந்தில் 'டார்ட்ஸ்' என்று தனியாக ஒரு சொல் உண்டு. ஊடல் கொள்பவரை அந்த டார்ட்ஸை 'எடுத்துக்கொண்டார்' என்பார்கள்.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனால், எரிச்சலில் இருப்பவரை 'குருக்-எட்' என்பார்கள். வளைந்தது, கோணலானது என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரத்திலிருந்தும் அயர்லாந்தின் தென்கிழக்கிலிருந்தும் மீன்பிடிக்கச் சென்று குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். தாயகத்தில் மங்கிப்போன பல சொற்களை அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கென 1982இல் தனி அகராதியே வெளிவந்தது. பூமியின் மறுபுறத்தில் ஆஸ்திரேலியர்கள் ஒருவர் மேல் எரிந்து விழுவதை 'குருக் போதல்' என்ற பொருளில் சொல்கிறார்கள். இதுவும் கோணல்தான். அமெரிக்கர்கள் சிணுங்கும் குழந்தையைக் 'கிராங்கி' என்பார்கள். அதன் வேரும் வளைவைக் குறிப்பதே.

நண்டு, முறுக்கு, கோணல், வளைவு என எல்லாம் ஒரே குடும்பம். இதற்கு விளக்கம் தேடி நாம் அகராதிக்குப் போக வேண்டியதில்லை. 'முகம் கோணிவிட்டது', 'முறுக்கிக்கொண்டு போய்விட்டான்' என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? ஒன்றையொன்று அறியாத ஊர்களில் வாழ்ந்தவர்கள், எரிச்சலுற்ற முகத்தைப் பார்த்து ஒரே உருவத்தைத்தான் கண்டிருக்கிறார்கள்.

உதடும் கன்னமும் மண்வெட்டியும்

முகத்தில் முதலில் மாறுவது வாய். அயர்லாந்து ஆங்கிலத்தில், 'அவள் முகத்தில் ஒரு புஸ்' என்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். 'பூனை' என்ற ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவில்லை. அயர்லாந்தின் பழைய மொழியான ஐரிஷில், பிதுங்கிய வாயைக் குறிக்கும் சொல் இது. மக்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோதும், குழந்தையைக் கடிந்துகொள்ளும் நேரத்தில் தாய்மொழிச் சொல்லே நாவில் நின்றது. வேல்ஸ் நாட்டிலும் அப்படியே. ஆங்கிலம் மட்டுமே பேசும் குடும்பங்கள்கூட, முகம் தூக்கிய பிள்ளையைப் பற்றிப் பேசும்போது வேல்ஷ் மொழியின் 'பூடி' என்ற சொல்லைக் கையாள்வதைத் தென் வேல்ஸில் கேட்கலாம்.

வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில் லர்கன் என்றோர் ஊர் இருக்கின்றது. அங்குப் பயன்பட்ட மண்வெட்டி நீளமானது. அதனால், முகம் தொங்கிப்போனவரை 'லர்கன் மண்வெட்டி போல் நீண்ட முகம்' என்பார்கள். மழை ஓயாத பிரிட்டனில், 'மழையில் நனைந்த வாரக் கடைசி போன்ற முகம்' என்ற உவமையும் உண்டு. ஐந்து நாள் உழைத்துவிட்டுச் சனி, ஞாயிறை எதிர்பார்த்திருந்தவருக்குத்தான் அதன் துயரம் முழுமையாக விளங்கும்.

கன்னம் வீங்கும் நோயான பொன்னுக்கு வீங்கிக்கு ஆங்கிலத்தில் 'மம்ப்ஸ்' என்று பெயர். முகத்தைக் கோணுதல் என்ற பொருளுடைய பழைய சொல்லின் வழிவந்தது அது. ஒரு காலத்தில் மம்ப்ஸ் வந்தவர் என்றால், கன்னத்தை உப்பி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவர் என்றும் பொருள்பட்டது. பிணக்கின் பெயர் மறைந்தது. நோயின் பெயர் மட்டும் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், தூக்கம் கெட்டு அழுது அடம்பிடிக்கும் குழந்தையை 'டீஸி' என்பார்கள். கோபம் குழந்தையின் குற்றமன்று, களைப்பின் விளைவு என்ற புரிதல் அந்தச் சொல்லில் இருக்கின்றது. அதைச் சொல்லும் பாட்டி, குழந்தையை அடிக்கக் கை ஓங்குவதில்லை. தோளில் போட்டுத் தட்டுகிறாள்.

கடல் கடந்தபோது

குடியேறியவர்களோடு கப்பலேறிய சொற்கள், போன இடத்தில் புதுப் பொருள் பெற்றன. அமெரிக்காவில் பிடிவாதமும் கடுகடுப்பும் கொண்ட கிழவரையோ, நகர மறுக்கும் கோவேறு கழுதையையோ 'ஆர்னரி' என்பார்கள். 'சாதாரணம்' என்று பொருள்படும் 'ஆர்டினரி' என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து இப்படி ஆனது. சாதாரணமானது மட்டமானது என்றாகி, மட்டமானது முரட்டுத்தனமானது என்றாகிவிட்டது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தாய்மார்கள் பிள்ளையிடம், 'அசிங்கமாக இராதே' என்று சொல்வதைக் கேட்டு அயலூரார் பதறிவிடக் கூடாது. முக அழகைப் பற்றிய பேச்சன்று அது. 'பிறரிடம் சிடுசிடுவென்று நடந்துகொள்ளாதே' என்பதே அறிவுரை. அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் 'இல்' என்ற சொல்லுக்கு நோயுற்றவர் என்பதோடு கோபத்தில் இருப்பவர் என்ற பொருளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் 'குருக்' என்ற சொல்லும் அப்படியே உடல்நலக் குறைவையும் சினத்தையும் ஒருசேரச் சுட்டும். 'உடம்பு சரியில்லை', 'மனசு சரியில்லை' என்று ஒரே 'சரியில்லை'யை இரண்டுக்கும் வைத்திருக்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

கரீபியத் தீவுகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கோபத்தில் இருப்பவர் 'வெக்ஸ்'. இங்கிலாந்தில் பழமையாகிவிட்ட சொல், அங்கே அன்றாடச் சந்தைப் பேச்சாக வாழ்கின்றது. நைஜீரியாவில் 'நோ வெக்ஸ்' என்றால், 'கோபித்துக்கொள்ளாதீர்கள்'. அதுவே மன்னிப்புக் கேட்கும் முறையும் ஆகும். தம் தவறை விவரிப்பதைவிட எதிரே இருப்பவரின் மனம் கோணாமல் இருப்பதே முதன்மை என்று எண்ணும் பண்பாடு அது.

நாற்பது பவுண்டுச் சேமிப்பு

இத்தகைய சொற்களை யார் எழுதி வைத்தார்கள்? அந்த வரலாற்றில் முதல் இடம் ஜோசப் ரைட் என்பவருக்கு உரியது. அவர் 1855இல் யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டு நகருக்கு அருகே பிறந்தார். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். அடுத்த ஆண்டே நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பதினைந்து வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரைப் பற்றி உடன் வேலை செய்தவர்கள் செய்தித்தாளில் படித்துச் சொன்னபோது, தாமே படிக்க வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. படிக்கக் கற்றார். பின்னர் இரவுப் பள்ளியில் பிரெஞ்சும் ஜெர்மனும் லத்தீனும் பயின்றார். பதினெட்டு வயதில் தாமே ஓர் இரவுப் பள்ளி தொடங்கி, சக தொழிலாளர்களுக்கு வாரம் இரண்டு பென்ஸ் கட்டணத்தில் பாடம் சொன்னார்.

வாரக்கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் சேமித்து, 1876இல் 40 பவுண்டு சேர்த்தார். அந்தத் தொகையோடு ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். பயணச் செலவை மிச்சப்படுத்த, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து ஹைடல்பர்க் வரை நடந்தே சென்றார். பிற்காலத்தில் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று, 1901இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பீட்டு மொழியியல் பேராசிரியர் ஆனார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர், பின்னாளில் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன்.

1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதி ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்டது. பதிப்புச் செலவில் ஒரு பகுதியை அவர் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார். அவருடைய மாணவியாக இருந்து மனைவியான எலிசபெத் மேரி இப்பணியில் உறுதுணையாக நின்றார். கற்றவர்கள் 'கொச்சை' என்று ஒதுக்கிய சொற்களைத் தம் தாய் பேசிய சொற்களாக எண்ணி அணுகியவர் ரைட். எண்ணிக் காத்த காசை எங்கே செலவிட வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அமெரிக்காவில் இதே பணியை முன்னின்று நடத்தியவர் ஃபிரெடரிக் காசிடி. ஜமைக்காவில் பிறந்தவர். அவருடைய குழுவினர் 1965க்கும் 1970க்கும் இடையே 'சொல்வண்டி' என்று பெயரிட்ட வாகனங்களில் ஊர் ஊராகச் சென்று, 1,002 ஊர்களில் மக்களைச் சந்தித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அகராதியின் முதல் தொகுதி 1985இல் வந்தது. கடைசி எழுத்தான 'இசட்' வரையான ஐந்தாம் தொகுதி 2012இல்தான் நிறைவுற்றது. 2000ஆம் ஆண்டு மறைந்த காசிடி அதைக் காணவில்லை. 'இசட் நோக்கித் தொடர்வோம்' என்ற அவருடைய முழக்கம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 2005ஆம் ஆண்டை ஒட்டி மக்களிடம் வட்டாரச் சொற்களைத் திரட்டியபோது, 'மனம் சரியில்லாதவரை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள்?' என்பதும் கேட்கப்பட்டவற்றுள் ஒன்றாக இருந்தது.

பொருள் பிழைத்தால்

இவையெல்லாம் சுவையான செய்திகள்தாமே, இவற்றால் நமக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் இந்தியாவிலிருந்து சென்ற செவிலியர்களும் மருத்துவர்களும் பெருமளவில் பணிபுரிகிறார்கள். முதியோர் இல்லங்களிலும் நம்மவர் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதித் தேறும் ஆங்கிலத் தேர்வுகளில் 'மார்டி'யும் 'கிராபிட்'டும் கேள்வியாக வருவதில்லை. ஆனால் அவர்கள் கவனித்துக்கொள்ளும் முதியவர்களோ, சிறுவயதில் தாயிடம் கற்ற சொற்களில்தான் தம் மனத்தைத் திறக்கிறார்கள்.

சொல் விளங்காதபோது இரண்டு வகைத் தவறு நேரலாம். எளிய முகவாட்டத்தை நோயின் அறிகுறியாக எண்ணிவிடலாம். அல்லது, 'என்னைக் கொஞ்சம் கவனி' என்று மறைமுகமாகக் கேட்பவரை, ஏதோ முனகுகிறார் என்று கடந்து போய்விடலாம். இரண்டாவது தவறே வருந்தத்தக்கது. தம்மைப் பற்றி 'நான் மார்டி' என்று ஒருவர் சொல்வது பாதி மன்னிப்பு, பாதி வேண்டுகோள். அந்த வேண்டுகோள் எதிரில் இருப்பவரின் காதில் விழுந்தும் மனத்தை எட்டாமல் போகின்றது.

எனவே வெளிநாடு செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லி அனுப்பத்தக்க அறிவுரை ஒன்று உண்டு. புதிய சொல் காதில் விழுந்தால், புரிந்ததுபோல் தலையாட்ட வேண்டாம். 'இதற்கு உங்கள் ஊரில் என்ன பொருள்?' என்று கேளுங்கள். தம் ஊர்ச் சொல்லைப் பற்றிக் கேட்டால் மகிழாத மனிதர் இல்லை. அதே சமயம், கற்ற சொல்லை உடனே எல்லோரிடமும் வீசிவிடவும் கூடாது. தம்மைத் தாமே கிராபிட் என்று சொல்லிச் சிரிப்பவர், நேற்றுச் சேர்ந்த பணியாளர் அப்படிச் சொன்னால் சிரிக்க மாட்டார். 'சிடுமூஞ்சி' என்று பாட்டி பேரனைச் சொல்லலாம். மேலாளரைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

நம்முடைய சொல்

நிறைவாக, நாம் கவனிக்கத் தவறும் ஒரு வட்டார ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'இன்றைக்கு அவர் மூட் ஆஃப்', 'காலையிலிருந்தே மூட் அவுட்' என்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் சொல்கிறோமே, அது லண்டனில் பேசப்படும் ஆங்கிலமன்று. முழுக்க முழுக்க இந்திய ஆங்கிலம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கின்றது. பிரிட்டனில் ஒருவர் 'மூடில் இருக்கிறார்' என்றாலே அவர் எரிச்சலில் இருக்கிறார் என்று பொருள். நல்ல, கெட்ட என்ற அடைமொழியே தேவையில்லை. நமக்கோ மூட் என்பது நல்லது. அது விளக்கைப் போல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். எரிச்சல் என்பது அந்த விளக்கு அணைந்த நிலை. அவர்கள் சுமை ஏறியதாகச் சொல்வதை நாம் ஒளி போனதாகச் சொல்கிறோம். சுமையை இறக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. மின்சாரம் திரும்ப வரும் என்பது நம் நம்பிக்கை. மாதத்தின் முதல் வாரத்தில் நீண்ட வரிசையில் நின்று முகம் வாடியவர்கள், வேலை முடிந்து வெளியேறும்போது புன்னகைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நம்பிக்கை புதிதன்று.

நாட்டிங்காம் மருத்துவமனைக்குத் திரும்புவோம். நம் செவிலியர் உணவு இடைவேளையில் சக ஊழியர் ஒருவரிடம் கேட்டு, மார்டிக்குப் பொருள் தெரிந்துகொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை அதே கட்டிலருகே சென்று, 'இன்றைக்கும் மார்டிதானா, டக்?' என்று கேட்கிறார். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முகம் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றது. தன் ஊரின் சொல்லை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பெண்ணின் வாயில் கேட்ட மூதாட்டி, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். மருந்து கொடுக்கும் நேரத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கின்றது. செவிலியர் அமர்ந்து, தம் ஊரில் இதற்கு 'மூட் அவுட்' என்று பெயர் எனச் சொல்லத் தொடங்குகிறார்.